இரும்புக்கு ஒரு சால்வை

கொஞ்சம் இருங்க... கை தட்டுறதை நிறுத்துங்க. பந்தி எங்கயும் ஓடிப்போயிறாது. அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிப்போடறேன்.

கோயமுத்தூர்ப் பக்கம் சென்னியப்பன்னு ஒருத்தர். இரும்பு வார்க்கிற பவுண்டரி வச்சிருந்தார். வேலை குறைஞ்சுபோய் உலை பாதி நாள் சும்மா கிடந்துச்சு. அப்பத்தான் ஒரு பம்பு கம்பெனிக்காரர், தேவசகாயம்னு பேரு, வந்து நின்னார். "என் கண்ணு முன்னால ஒரு பம்பு வார்த்துக் காட்டுங்க. நல்லா வந்தா வருசம் பூரா ஆர்டர் உங்களுக்குத்தான்"ன்னார்.

சென்னியப்பனுக்குத் தொழில் தெரியாதா? நல்லாத் தெரியும்! விருந்தாளிக்கு உலைகிட்டயே பாடம் எடுத்தார். "இது பெர்லைட்டுங்க. எரிமலைக் கல்லு. சூடு பண்ணினா அரிசிப் பொரியாட்டப் பொரிஞ்சிரும். உருகின இரும்பு மேல தூவிட்டா போர்வை போத்தின மாதிரி... சூடு வெளிய போகாது. கசடும் இதுல ஒட்டிக்கும், அடையாட்டம் எடுத்து வீசிறலாம்."

பேச்சைக் கேட்டீங்களா? என்ன ஒரு ஞானம்!

பெரிய கொப்பரை நிறைய இரும்பு வந்துச்சு. மேல பெர்லைட்டு தூவியாச்சு. அப்ப, படம் புடிக்கச் சென்னியப்பன் வரவழைச்சிருந்த போட்டோகிராபர் வாயைத் திறந்தான்... "ஏனுங்கண்ணா, நெருப்பே தெரியலீங்களே! சாம்பல் சட்டியாட்ட இருக்குது!"

அவ்வளவுதான். சென்னியப்பன் மச்சினனைக் கூப்பிட்டார். "மாப்ள, அதை வழிச்சு எறி! தகதகன்னு தெரியட்டும்!"

"மாமா, இரும்பு ஆறிப்போயிருமுங்க..."

"ஒரே ஒரு போட்டோதாண்டா!"

வழிச்சாங்க. ஜொலிச்சுது! ஒரு போட்டோவோட நின்னுச்சா? சென்னியப்பன் தனியா ஒண்ணு... விருந்தாளியோட ஒண்ணு... அப்புறம் சால்வை! தேவசகாயத்துக்கு அனல்ல நின்னு வேர்த்து ஊத்துது, அவர் தோள்ல ஜரிகைச் சால்வை! வேர்க்கிறவருக்குப் போத்தியாச்சு... ஆறுற இரும்புக்குப் போர்வையை உருவியாச்சு. "சால்வை சரியா விழலீங்க, இன்னொருக்கா"ன்னான் போட்டோகிராபர். இன்னொருக்கா!

அப்புறந்தான் ஊத்தினாங்க. இரும்பு அச்சுக்குள்ள பாதி தூரம் போச்சு... நின்னு போச்சு.

சாயங்காலம் அச்சை உடைச்சாங்க. பம்புக்கு வாய் இருக்குது, வயித்தைக் காணோம்! தேவசகாயம் கத்தலை. சால்வையை மடிச்சு சென்னியப்பன் கையிலயே குடுத்தார். "அடுத்த தடவை இதை இரும்புக்குப் போத்துங்க"ன்னார். போயிட்டார். ஆர்டரும் அவர் பின்னாலயே போயிருச்சு.

போட்டோவா? அடடா, பிரமாதம்! இன்னும் ஆபீஸ்ல மாட்டியிருக்குது. உலைதான் எரியலை.

சிரிக்கிறீங்க... நல்லாச் சிரிங்க. இந்த ஏரியாப் புள்ளைகளுக்கு இலவச மாலை வகுப்புன்னு நீங்க ஆரம்பிச்சப்ப எத்தனை சூடு இருந்துச்சு! அந்தச் சூடெல்லாம் எங்க போச்சு? பேனர்ல போச்சு... குரூப்புல படம் போட்டே போச்சு. வகுப்பறை ரெண்டு மாசமாப் பூட்டிக் கிடக்குது, ஆண்டு விழா மேடை மட்டும் தகதகன்னு இருக்குது! எனக்கே மூணு சால்வை. வெளிப்படையாச் சொல்றேன், எனக்கு எரிச்சலா இருக்குதுங்க. காட்டிக்கிட்டே இருந்தா எந்தச் சூடும் ஆறிப்போகும். கொஞ்ச நாளைக்கு யார் கண்ணுலயும் படாம வேலையைப் பாருங்களேன்!

நான் உள்ள வரும்போது வாசல்ல ஒரு அம்மா நிறுத்திக் கேட்டாங்க... "ஏனுங்க, திங்கக்கிழமை கிளாஸ் உண்டுங்களா?"

அந்தம்மா இன்னும் அங்கதான் நிக்கிறாங்க. நான் என்னன்னு போய்ச் சொல்லட்டும்... போட்டோ நல்லா வந்திருக்குதுன்னா?