பதில் தெரிஞ்ச சாம்பிள்

வெள்ளவத்தை இராணுவச் சோதனைச்சாவடியில் எங்களையெல்லாம் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, திரும்பவும் பஸ்ஸில் ஏறவிட்டார்கள். முன்சீட்டில் வந்து குந்திய இளம்பெண், பக்கத்திலிருந்த அக்காவிடம் பொரிந்து தள்ளினாள்.

"மூண்டு வருசமா அதே ஆமிக்காரன், அதே கேள்வி. நான் அவன்ர கன்ட்ரோல் சாம்பிள், அக்கா."

"அதென்ன பிள்ளை?"

"எங்கட லாப்பில ரத்தத்தில இருக்கிற சின்னச் சின்னப் பொருளுகளை எடை நிறுத்துப் பாக்கிற மெசின் இருக்கு. பத்து சாம்பிளுக்கு ஒருக்கா, பதில் தெரிஞ்ச ஒண்டையே திரும்பத் திரும்பக் குடுப்பம். சந்தேகம் சாம்பிளில இல்லை, மெசினில."

"பதில் மாறி வந்தா?"

"மெசினை நிப்பாட்டிக் கழுவுவம்."

"அப்ப, சாவடியில உம்மட பதில் மாறினா?"

"மெசினைத் தொடமாட்டாங்கள். சாம்பிளைத் தூக்கி உள்ள போடுவாங்கள்."