ஜெபசீலியின் நைட் டியூட்டி

இரவு இரண்டு மணி. ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற சாலை. அறுபத்தெட்டாம் வருஷம், மார்கழி... மூன்றடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. அந்தப் பனிக்குள் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

பேய் இல்லை. சிரிக்காதீர்கள். என் சிநேகிதன் ஐசக்கின் அத்தை, ஜெபசீலி. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளே ஐசக்கிடம் சொன்னது இது. கரண்ட் வரும்வரை சொல்கிறேன்... அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்.

ஜெபசீலியின் புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனார். நாலு வயதில் ஒரு மகள், சலோமி. மாதத்தில் ஒரு வாரம் நைட் டியூட்டி. அந்த வாரம் மட்டும் பக்கத்து வீட்டு சரசம்மா வந்து பிள்ளையோடு படுத்துக்கொள்வாள். அந்த மார்கழியில் சரசம்மா மத்தூர் போய்விட்டாள். டியூட்டியை மாற்றித் தரச் சொல்லி ஜெபசீலி கெஞ்சினாள்.

“எல்லாருக்குந்தான் வூட்ல கஷ்டம் இருக்குது. நீ வரலைன்னா யாரு வருவா?” என்றாள் ஹெட் நர்ஸ்.

பிள்ளையைத் தூங்கவைத்து, வெளியே பூட்டிவிட்டு வந்தாள். உடம்பு வார்டில் இருந்தது. காது வீட்டிலேயே இருந்தது.

அன்று பிரசவ வார்டில் ஒருத்திதான். ஜவளகிரி முனிலட்சுமி. சாயந்திரம் ஆண் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு மணிக்கு, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்துவர ஜெபசீலி எழுந்தபோது முனிலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, கிறுகிறுன்னு வருது. எங்கயும் போயிராதீங்க.”

“தோ, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்.”

அப்படித்தான் ஓடினாள். வீட்டில் சலோமி இருட்டில் கதவைத் தட்டித் தட்டி அழுதுகொண்டிருந்தாள். தோளில் போட்டு, தட்டிக்கொடுத்து, தூங்கவைத்து... அரை மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தால் வார்டில் ரத்த வாடை. கட்டிலுக்கு அடியில்... சொட்... சொட்... முனிலட்சுமியின் கண்கள் வாசலைப் பார்த்தபடி நின்றுபோயிருந்தன. பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசிவரை தான் பக்கத்திலேயே இருந்ததாக ஜெபசீலி ரிஜிஸ்தரில் எழுதினாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாளும் நைட் டியூட்டி. விடிகாலையில் வந்து பூட்டைத் திறந்தாள். சலோமி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தலை வாரி, இறுக்கிப் பின்னியிருந்தது. வீடெல்லாம் பூண்டும் வசம்பும் கலந்த பிரசவ வீட்டு வாடை...

“யாரு பாப்பா பின்னி வுட்டது?”

“ஒரு அக்கா. உங்கம்மா வர்ற வரைக்கும் நா இருக்கறேன்னாங்க. அவங்க கை ரொம்ப ஜில்லுன்னு இருக்குதும்மா.”

அடுத்த ராத்திரி ஜெபசீலி பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. கம்பளியில் சுற்றி வார்டுக்கே தூக்கிப் போனாள். மேஜைக்கு அடியில் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விடியும் நேரத்தில் கண் அசந்தது, ஒரு நிமிஷமோ என்னவோ. விழித்தபோது... அதே வாடை. அதே பின்னல்.

பயத்தைவிட வேறொன்றுதான் அவளை வாட்டியது. தான் விட்டுவிட்டுப் போனவள், தன் பிள்ளையை விடாமல் பார்த்துக்கொள்கிறாள். அவள் வந்து கழுத்தை நெரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று ஐசக்கிடம் சொன்னாளாம்.

அன்று காலை ஹெட் நர்ஸிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். வேலை போயிற்று. அதற்கப்புறம் சலோமியிடம் யாரும் வரவில்லை. ஆனாலும் ஜெபசீலிக்குத் தூக்கம் இல்லை. முனிலட்சுமியின் வீட்டாரிடம் நேரில் சொல்லாமல் தீராது என்று தோன்றியது. ஒரு மாதம் கழித்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஜவளகிரிக்கு பஸ் ஏறினாள்.

உச்சி வெயில். வீட்டு வாசலில் முனிலட்சுமியின் ஓரகத்தி கெம்பம்மா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபசீலி இதற்குமுன் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை. கெம்பம்மாவைப் பார்த்ததும் இல்லை. சலோமியின் கையைப் பிடித்தபடி வாசலுக்கு எதிரே போய் நின்றாள்.

கெம்பம்மா ஆச்சரியப்படவில்லை. எழுந்து வந்து, குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். பழகிய தோளில் சாய்வதுபோல அது சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டது.

“தாயில்லாப் புள்ள, உங்களாலதான் அழாம தூங்குதுங்கம்மா,” என்றாள் கெம்பம்மா. “தெனம் ராத்திரி வந்து தூக்கி வெச்சுக்கறீங்க. ஒரு வார்த்த பேச மாட்டேங்கறீங்க... இன்னிக்குத்தான் பகல்ல வந்திருக்கீங்க.”