அண்ணனுக்குச் செய்த பகடை

உங்கள் மேசை சன்னல் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கிறது, டாக்டர். நீங்கள் பேனாவைக் கீழே வைத்தபோது கவனித்தேன். அது தானாக நகர்ந்துபோய்க் கோப்பில் முட்டி நின்றது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகடை செய்கிறவனுக்கு இது ஒரு வியாதி. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரை மட்டத்தைப் பார்ப்பேன். ஆட்களைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தங்கைக்குச் சிறுநீரகம் கொடுத்த என் அண்ணன், யாருடைய வற்புறுத்தலுமின்றித் தன் சொந்த விருப்பத்தில்தான் கொடுத்தாரா? கொடுத்தவர் இறந்துபோக நேர்ந்தால் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து இதைக் கேட்பது இந்த மருத்துவமனையின் விதி என்றீர்கள். நல்ல விதி. ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நான் எழுந்து போயிருக்கலாம். எனக்கு முன்னால் வந்த அண்ணியும் தங்கையின் கணவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அரைகுறையாகச் சொன்ன உண்மை மெருகிடாத பகடையைப் போன்றது. கையில் உறுத்திக்கொண்டே இருக்கும். எனக்கு எந்த வேலையையும் முழுதாகச் செய்துதான் பழக்கம்.

நான் பகடை செய்வது வீட்டில், துணி உலர்த்துவதற்கென்று விட்டிருந்த சின்ன அறையில். ரெசின் பிரிண்டர் என்றொரு கருவி. அதன் தொட்டியில் தேன் பதத்தில் இருக்கும் ரெசின் என்னும் பிளாஸ்டிக் கூழை ஊற்றிவைத்தால், கீழிருந்து வரும் புற ஊதா ஒளி அதைப் படலம் படலமாக இறுக்கும். பகடை தலைகீழாகத் தொங்கியபடி வளர்ந்து வரும். அதை ஸ்பிரிட்டில் அலசி, மறுபடியும் ஒளியில் வைத்துக் கெட்டிப்படுத்தி, உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, எண்களின் பள்ளத்தில் மை நிரப்ப வேண்டும். மேசைமேல் வரைபடம் விரித்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, கதையாகவே ஆடும் ஆட்டங்கள் உண்டல்லவா, அவற்றுக்கான இருபது முகப் பகடைகள். கேட்பவர் மனம்போல் செய்து கொடுப்பேன். ஒருவர் இருபதாம் முகத்தில் தன் மனைவியின் படமும் ஒன்றாம் முகத்தில் மாமியாரின் படமும் வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். ஆனால் மனைவி வரும் வாய்ப்பும் மாமியார் வரும் வாய்ப்பும் இம்மியும் பிசகாமல் சமமாகத்தான் இருக்கும் என்றும் எச்சரித்து அனுப்பினேன். என் பகடை ஒருபக்கம் சாயாது. இந்தத் தொழிலில் எனக்கு இருந்த பெயர் அது ஒன்றுதான்.

சாய்கிறதா என்று பார்க்க ஆட்டக்காரர்களிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து அதில் பகடையைப் போட்டால் மிதக்கும். அமுக்கிவிட்டால் மறுபடி மேலே வரும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் மேலே வந்தால் பகடை சுத்தம். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே ஏதோ கோளாறு. அண்ணன் கடையில் வாங்கிய பகடை எதையும் இந்தச் சோதனை இல்லாமல் தொடமாட்டார். என் பகடைகளை மட்டும் அவர் சோதித்ததே இல்லை.

எங்கள் மூவருக்கும் சிறு வயதிலிருந்தே எல்லா வழக்கும் பகடையில்தான் தீரும். பாத்திரம் யார் கழுவுவது, சன்னலோரம் யார் படுப்பது, உடைந்த கண்ணாடிக்கு அப்பாவிடம் யார் போய் நிற்பது. ஆளுக்கொரு பகடை, அவரவர் பகடையை அவரவர்தான் உருட்ட வேண்டும். “விழுந்தது விழுந்ததுதான்” என்பது அண்ணன் போட்ட சட்டம். வளர்ந்த பிறகும் சனிக்கிழமைதோறும் அண்ணன் வீட்டில் கூடி ஆடினோம். கதையை நடத்துவது அண்ணன். தங்கை காயத்துக்குக் கட்டுப் போடும் வைத்தியக்காரி. நான் எப்போதும், மற்றவர்களைத் தப்பவிட்டுவிட்டு வாசலில் தனியாக நின்று சாகும் வீரன். ஏறக்குறைய எல்லாக் கதையிலும் யாருக்காவது உயிரைக் கொடுத்துவிடுவேன். அதனால் வீட்டில் என் பெயரே தியாகி என்றாகிவிட்டது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுப்போன கதை உங்கள் கோப்பிலேயே இருக்கும். அவள் கணவருடையது பொருந்தவில்லை. அண்ணனுடையதும் என்னுடையதும் பொருந்தின. முடிவு வந்த அன்று இருவரும் அவள் கட்டிலருகே நின்றோம்.

“ரெண்டு பேருக்கும் பொருந்துதாமே. என்ன, ஏலம் விடப் போறீங்களா?” என்றாள்.

“நீயே சொல்லு. என்னுது வேணுமா, இவனுது வேணுமா?” என்றார் அண்ணன்.

“சின்னண்ணனுது வேணாம்பா. வயித்துக்குள்ள ரெசின் நாத்தம் அடிக்கும்.” சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்கு யாருதும் வேணாம். போய் வேலையப் பாருங்க ரெண்டு பேரும்.”

அவளுக்கு அதிக நாள் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். அப்போது நான்தான் முதலில் கை தூக்கினேன். “நான் தர்றேன்” என்றேன். அண்ணியும் இருந்தார், கண் கலங்கிவிட்டார். இதை நீங்கள் அவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்.

நடைவழிக்கு வந்ததும் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “மூத்தவன் நான் இருக்கும்போது நீ எப்படிடா? ஆனா உண்மையச் சொல்லட்டுமா, எனக்குப் பயமா இருக்கு. பாப்பா இன்னும் ஸ்கூல்கூட சேரல. ஊசி போட்டாலே கண்ண மூடிக்கிறவன் நான்.”

“அதுக்கென்ன, பகடையிலயே பாத்துக்கலாம். நான் புதுசா ரெண்டு செஞ்சுட்டு வர்றேன். பெரிய எண் யாருக்கோ, அவங்க குடுக்கட்டும்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “சரிடா தியாகி” என்றார்.

இங்கேதான் நான் நிதானமாக யோசித்தேன். என்னைப் பயந்தவன் என்று சொல்வது எளிது, அது துல்லியமாகாது. அண்ணன் தனக்குப் பயம் என்றார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்தவருக்கு அதைத் தாங்கவும் முடியும் என்று எனக்குத் தோன்றியது. மேலும், அவருக்கு மனைவி உண்டு, மகள் உண்டு; படுத்துக்கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டு. நான் தனிக்கட்டை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட நானே எழுந்துதான் குடிக்க வேண்டும். ஒரு குடும்பம் தன் சுமையை வைக்கும்போது தாங்க ஆளிருக்கும் பக்கம் பார்த்து வைப்பதுதானே முறை.

இரண்டு பகடைகள் செய்தேன். என்னுடையது வழக்கம்போல் கண்ணாடியாகத் தெளிந்த ரெசின். எந்த ஆய்வுக்கும் அனுப்புங்கள், அதில் ஒரு குற்றம் காண முடியாது. அண்ணனுடையதை, நிகழ்வின் கனம் கருதி, அடர்நீலத்தில் செய்தேன். அதன் வடிவத்தைக் கணினியில் வரைந்தபோது இருபதாம் முகத்துக்கு நேர் அடியில் ஒரு சிறு குழியை விட்டேன். மூடிய குழிக்குள் கெட்டியாகாத ரெசின் தங்கிவிடும். அதை வெளியேற்ற ஒரு துளை வேண்டும். அந்தத் துளையை இருபதின் பூஜ்யத்துக்குள் வைத்து, உள்ளே இருந்ததை வடித்துவிட்டு, ஒரு சொட்டு ரெசினால் அடைத்து, மேலே மை பூசினேன். நான் செய்த பகடைகளிலேயே நேர்த்தியானது அது என்று அடக்கமாகவே சொல்லலாம்.

இலேசான பக்கம் மேலே நிற்கப் பார்க்கும். பார்க்கும், அவ்வளவுதான். இருபதுக்கு அண்டை முகங்களில் பதினான்கு இருப்பதைப் போலவே எட்டும் உண்டு, இரண்டும் உண்டு. ஆகவே அவருக்குத் தப்ப வழியே வைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. உங்கள் மேசை பேனாவைப் பிடித்துத் தள்ளவில்லையே, டாக்டர். சாய்ந்து நின்றது, பேனா தானாகத்தான் போனது.

பகடையை முன்கூட்டியே கொடுத்துக் கைக்குப் பழகவிடுவது எங்கள் வழக்கம். ஆகவே வெள்ளிக்கிழமையே அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “என்னடா, கருவறை மாதிரி இருட்டா இருக்கு. உன் பகடைன்னா உள்ள பளிச்சுனு தெரியுமே” என்றார். “நல்லாருக்கு” என்றும் சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். தங்கையின் கணவர் சாட்சி. அண்ணி அடுப்படியில், முதுகைக் காட்டியபடி, கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தார். நான் முதலில் உருட்டினேன். ஒன்பது.

அண்ணன் தன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வழக்கத்தைவிடச் சற்று நீண்ட பார்வை. “தம்பி, நீ ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“என்னண்ணா சொல்லணும்? உருட்டு.”

“இல்ல, சும்மா கேட்டேன். உன் கையால செஞ்சது. தப்பா விழாது.”

அதை ஒரு கைவினைஞனுக்குக் கிடைத்த பாராட்டாகவே நான் எடுத்துக்கொண்டேன். அவர் உருட்டினார். பகடை உப்புக் குப்பியில் இடித்துத் திரும்பி நின்றது. பதினான்கு. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“வேணாம்ணா. பகடையாவது ஒண்ணாவது. நானே தர்றேன்” என்றேன் நான். அதை உளமாரத்தான் சொன்னேன்.

“போதும்டா. விழுந்தது விழுந்ததுதான்” என்றார் அண்ணன். பிறகு சிரித்தார். “இன்னிக்கு ஒரு நாளாவது நீ உயிரோட வீட்டுக்குப் போ.”

அறுவை சிகிச்சைக்கு முன்பு கட்டிலில் படுத்தபடி அந்தப் பகடையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “இது உங்கிட்டயே இருக்கட்டும். வேற யார் கையிலயும் குடுத்துடாத.”

“ஏண்ணா?”

“அழகா இருக்கு. அதான்.”

பிறகு நடந்தது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அறுவை சிகிச்சை சுத்தமாக முடிந்தது. தங்கையின் உடம்பில் அவருடைய சிறுநீரகம் அன்றே வேலை செய்யத் தொடங்கியது. அவருக்குக் காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. மிக அரிதாக நேர்வது என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். அரிதாக நேர்வதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது முகத்தில் எந்த முகமும் விழலாம். அந்த அடைப்புக்கும் நான் விட்ட குழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நீங்களே எழுத்தில் தர முடியும்.

ஆனாலும் சில வாரங்கள் எனக்கு மனம் சரியில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். பிரிண்டரை மூடிவைத்துவிட்டேன். அண்ணனின் ஆட்டச் சாமான்களைக் கட்டிவைக்க உதவலாம் என்று ஒருநாள் அண்ணி வீட்டுக்குப் போனேன். அடுப்படிச் சன்னலில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. தண்ணீர் வற்றி, உள்பக்கம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துப்போயிருந்தது.

“இது என்ன அண்ணி?”

“அதுவா தம்பி, அவரு வச்சது. நீங்க குடுத்தீங்களே ஒரு நீலப் பகடை, அதை இதுல போட்டு அமுக்குறதும், மேல வர்றதும், திரும்ப அமுக்குறதும். வீட்டுல இருந்த உப்பையெல்லாம் காலி பண்ணிட்டாரு மனுசன். அன்னிக்குக் குழம்புக்கு நான் பக்கத்து வீட்டுல போய் உப்பு வாங்கிட்டு வந்தேன்.”

“என்னிக்கு?”

“அந்தச் சனிக்கிழமை காலைல. நீங்க வர்றதுக்கு முன்னாடி.”

“ஒண்ணும் சொல்லலியா?”

“அப்படி என்னத்தங்க பாக்குறீங்கன்னு கேட்டேன். ‘தம்பி என்னைவிட ரொம்பப் பயந்துபோயிருக்கான்’னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க எதுக்குத் தம்பி பயப்படணும்? முதல்ல கை தூக்குனதே நீங்கதானே.” டம்ளரை எடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். “கழுவணும்னு நெனைக்கிறேன். மனசு வரல.”

அவர் மகளைப் பார்க்க உள்ளே போனபோது நானே கழுவினேன். பூத்த உப்பு எளிதில் போகாது. வெந்நீர் விட்டு ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். துடைத்துக் கவிழ்த்தும் வைத்தேன். அண்ணிக்கு ஒரு வேலை மிச்சம்.

அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன், டாக்டர். காரணம் தெளிவானது. அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அமுக்கிய ஒவ்வொரு முறையும் இருபது மேலே வருவதைப் பார்த்திருக்கிறார். மேசையில் அதைப் போட்டு உடைத்திருக்கலாம். வேறு பகடை கேட்டிருக்கலாம். என் முகத்துக்கு நேரே ‘பித்தலாட்டக்காரா’ என்றிருக்கலாம். எதுவும் செய்யாமல், தெரிந்தே, தன் கையால் எடுத்து உருட்டினார். தெரிந்து உருட்டியவரை ஏமாற்றியதாக எப்படிச் சொல்வது? நான் செய்தது ஒரு பொருள். அவர் செய்ததுதான் முடிவு.

அந்தப் பகடையை இன்று கொண்டுவந்திருக்கிறேன். வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்னதால், நீங்கள் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். உங்கள் கேள்விக்கு இப்போது என்னால் முழு மனதோடு பதில் சொல்ல முடிகிறது: ஆம், என் அண்ணன் தன் சொந்த விருப்பத்தில்தான் கொடுத்தார், யாரும் அவரை வற்புறுத்தவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் பொறுங்கள். பையில் ஒரு துண்டு உப்புத்தாள் வைத்திருக்கிறேன். மடித்து இந்த மேசைக்காலுக்கு அடியில் கொடுத்துவிடுகிறேன். சாய்ந்த மேசையில் எனக்குக் கையெழுத்து சரியாக வராது.