ஆல்மோஸ்ட் ஆல்

"ஹலோ... ஹலோ... யாரு, மிஸ்திரியா? சின்னமுத்துதானே? ... நான்தான், வாசல்லேந்து துரைசுவாமி பேசறேன். ... ஆமா, ஆமா, டைம்கீப்பர். நீங்க எப்போ உள்ளே போனேள்? ... ஆளுகளையும் கூட்டிண்டா? ... பகவானே!"

துரைசுவாமி பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். இடுக்கி மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகும் சுரங்க வேலையில், யார் உள்ளே போகிறார், யார் வெளியே வருகிறார் என்று பார்ப்பது அவர் உத்தியோகம். காலையில் பாறைக்கு வெடி வைத்திருந்தார்கள். டீ குடித்துவிட்டு மழையில் நனைந்து சுரங்க வாசலில் இருந்த கொட்டகைக்குத் திரும்பியவர் கண்ணில் முதலில் பட்டது, தலைவிளக்குகள் மாட்டும் ஆணிகள் காலியாக இருந்ததுதான். போனின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பிறகே உள்ளேயிருந்து பதில் வந்தது.

"யார் உங்களைப் போகச் சொன்னா? ... இன்ஜினீயரா? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கோ. ... உம்... உம்... 'ஆல்மோஸ்ட் ஆல் கான்'. சரி. நீங்க அதை என்னன்னு எடுத்துண்டேள்? ... ஆல்னா எல்லாம், மோஸ்ட்னா ரொம்ப, கான்னா போயாச்சு. ... எல்லா வெடியும் ரொம்ப நன்னா வெடிச்சாச்சுன்னா? ... ஐயோ, அது அப்படி இல்லை மிஸ்திரி!"

ரிசீவருக்குள் மிஸ்திரியின் குரலுக்குப் பின்னால் இன்னொரு இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உடனே கேட்கப் பயமாக இருந்தது.

"இல்லை, கோவிச்சுக்காதேங்கோ. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நான் சொல்லல்லை. ... கேளுங்கோ. ஆல்மோஸ்ட்னா கிட்டத்தட்ட. அவ்வளவுதான். போன மாசம் நம்ப லாரி ஆல்மோஸ்ட் பள்ளத்துல விழுந்துதுன்னா என்ன அர்த்தம்? ... விழல்லை. ஆமா, விழல்லை! ஒருத்தன் ஆல்மோஸ்ட் செத்தான்னா அவன் உசிரோட இருக்கான். மனசிலாச்சா? அப்போ ஆல்மோஸ்ட் ஆல் வெடிச்சாச்சுன்னா? ... ... ஆமா. ஆமா மிஸ்திரி. எல்லாம் வெடிக்கல்லை."

துரைசுவாமி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். இரைச்சல் ஓயவில்லை.

"இருக்கேளா? ... என்கிட்டேயும் அதேதான் சொன்னார். பாறைக்குள்ளே ஏதோ ஒரு தோட்டா வெடிக்காம அப்படியே இருக்குன்னு சம்சயம், வெடிக்காரரைக் கூட்டிண்டு வரேன், அதுவரைக்கும் ஒருத்தரும் போகப்படாதுன்னு ஜீப்புல ஏறினார். ... உங்ககிட்டேயும் பின்னாடி ஏதோ சொன்னாரா? மழைச் சத்தத்துல கேக்கல்லையா? ... சரி, சரி, அதை விடுங்கோ. அது என்ன சத்தம்? ... டிரில்லா? யார் போடறா? ... உங்க மச்சினன் சோலையா! நிறுத்தச் சொல்லுங்கோ!"

மிஸ்திரி அங்கிருந்தே கத்தினார். டிரில் நிற்கவில்லை.

"கேக்காது, காதுல பஞ்சு வச்சிண்டிருப்பான். ... முதல்ல உங்க பக்கத்துல நிக்கறவாளை வெளியே ஓடச் சொல்லுங்கோ. ... கான்ட்ராக்டர் கத்தட்டும்! நான் பதில் சொல்லிக்கறேன். ... சோலைகிட்டே யாராவது விளக்கை ஆட்டிக் காட்டுங்கோ, கிட்டப் போகாம. ... ஆமா. போனை வைக்காதேங்கோ, நான் இருக்கேன்."

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். வாசலின் இருட்டில் ஒரு விளக்கு ஆடி ஆடி வந்தது, பிறகு மற்றவை. ஆட்கள் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து வெளியே வந்தார்கள். என்ன நடக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒவ்வொருவனும் திரும்பி உள்ளேதான் பார்த்தான்.

டிரில் சத்தம் நின்றது.

துரைசுவாமி ரிசீவரை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"மிஸ்திரி! நின்னுடுத்தா? ... அப்பாடா. விளக்கைப் பார்த்துட்டானா? சரி, ரெண்டு பேரும் கிளம்புங்கோ. ... ஏன்? ஏன் வரமாட்டேங்கறான்? ... என்ன மாட்டிண்டிருக்கு? ... டிரில் கம்பியா? குழிக்குள்ளேயா? ... எந்தக் குழி, அவன் புதுசாப் போட்டதா, காலம்பற வெடி வச்ச பழசா? ... பழசா! வேண்டாம். இழுக்கப்படாது! அசைக்கவே படாதுன்னு சொல்லுங்கோ! ... மெஷின் போனாப் போறது மிஸ்திரி, அதை என் சம்பளத்துல பிடிக்கட்டும்! ... இன்னும் இழுக்கறானா? ... நீங்க போகாதேங்கோ. இல்லை, கேளுங்கோ, நீங்க போகப்படாது! அங்கேந்தே கூப்பிடுங்கோ! ... உங்க பொண்டாட்டிக்குப் பதில் சொல்லணும்னா நீங்க உசிரோட இருக்கணும். மிஸ்திரி! ..."

உள்ளே ரிசீவர் எதன்மேலோ மோதித் தொங்குவது கேட்டது. ஓடும் செருப்புச் சத்தம். மச்சினனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"மிஸ்திரி! ஹலோ! ... ஹலோ! ..."

காதில் எல்லாம் சட்டென்று அற்றுப்போயிற்று. ஒரு கரகரப்புகூட இல்லை.

போன் கம்பி அறுந்துவிட்டது என்று துரைசுவாமிக்குப் புரிந்தது. வெளியே நின்றவர்களுக்கு இன்னும் தெரியாது. ஒருவன் பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். மலைக்குள்ளிருந்து வெடிச் சத்தம் அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அதன் பின்னால் புழுதி வந்தது. வேறு யாரும் வரவில்லை.