மாமனார் கொடுத்த ஈஸ்ட்

...கெட்டுப்போன ஈஸ்டைக் கொடுத்துட்டு, எனக்குப் பீர் காய்ச்சத் தெரியலன்னு சொல்றார்ணே! யாரு? என் மாமனார்தான். ஒட்வார்னு பேரு. இந்தப் படகு போற அக்கரையில நாலு ஊருக்கு அவர் பீர்னா ஒரு மரியாதை. எனக்கு முதல் தடவை. நான் பெர்கன் டவுன்காரன், அடுக்குமாடி வீடு. அதுக்காக?

இருங்க, ஒரு ஸ்னூஸ் வெச்சுக்கிறேன். உதட்டுக்கடியில இந்தச் சின்ன வெள்ளைப் புகையிலைப் பொட்டலம் இல்லேன்னா எனக்குப் பேச்சே வராது. உங்களுக்கு? வேணாமா... நல்ல பழக்கம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், நாத்தம். மூணாம் நாள் பீர் வாளி மூடியத் திறந்தேன். என் பொண்டாட்டி ராக்னில் ஒரு வாய் குடிச்சுட்டு, "மீன்காரன் காலுறை"ங்குறா. சாமான் வாங்குன கடைக்காரன், "பச்சை ஆப்பிள் வாசனையா? அப்போ அவசரப்பட்டுட்டீங்க"ங்குறான். ஆப்பிளா அது? "வெண்ணெய் வாசனையா? அப்போ இன்னும் ரெண்டு நாள் விடுங்க." வெண்ணெயுமில்ல. "காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி?" யோவ், நான் பீர் காய்ச்சுனேனா, ஆஸ்பத்திரி நடத்துறேனா!

சுத்தத்துல குறை சொல்ல முடியாதுண்ணே. வாளிய மூணு தடவ கழுவுனேன். சூடு? மாமனார் சொன்னபடி, உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேல. என் கம்பளிச் சட்டையவே வாளிக்குப் போட்டுவிட்டேன். நான் குளிர்ல நடுங்குறேன், அது சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு!

கத்தலும் கத்துனேன். தெரியுமில்ல? ஈஸ்டைப் போடும்போது அடிவயித்துலேர்ந்து கத்தணும். இல்லேன்னா பீருல உசுரு இருக்காதாம். மாமனார் ஒரு தடவ கத்துவார். நான் புதுசு, எதுக்கு வம்புன்னு வாளிக்குள்ள தலைய விட்டு ஏழு தடவ கத்துனேன். மாடிவீட்டம்மா போலீஸுக்குப் போன் போட்டுடுச்சு! ரெண்டு பேர் வந்து, "யாரைக் கொன்னீங்க?"ங்குறான். அந்தப் பதட்டத்துல வாயில இருந்த ஸ்னூஸையே முழுங்கிட்டேன்னா பாருங்க.

இவ்வளவு பண்ணியும் நாறுதுன்னா குத்தம் எங்க இருக்கு? ஈஸ்ட்லதானே? மாமனாரோட அப்பா காலத்துலேர்ந்து அதையே எடுத்து, காயவெச்சு, திரும்பப் போட்டு... ஒரு நாள் கெடாதா? போன்லயே சொல்லிட்டேன். "மாமா, உங்க ஈஸ்ட் செத்துப் புழுத்துப்போச்சு"ன்னு.

அதுக்கு மனுஷன், "சனிக்கிழமை ஊரையே கூப்பிட்டிருக்கேன். நாறுனதை எப்படி அவங்களுக்கு ஊத்துவேன்? நீ வா. ஈஸ்ட் ஜாடியோட துறைக்கு வரேன். உன் முன்னாடியே கடல்ல கொட்டிடறேன்"னார். குரல் உடைஞ்சுபோச்சு. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா உண்மை உண்மைதானே?

சாட்சிக்குத்தான் இந்த பிளாஸ்க். வாளி அடியிலேர்ந்து மொண்டு ஊத்திட்டு வந்திருக்கேன். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. அட, குடிங்கண்ணே, படகு கரைசேர இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. மடக்குனு... ஆங்.

என்ன? ஏன் அப்படி முழிக்கிறீங்க? துப்புங்க, துப்புங்க! கையில என்னது... தேயிலைப் பையா? இல்லையே. வெள்ளையா, சின்னதா, ஊறிப்போயி...

ஐயோ.

அண்ணே, அது... நான் முழுங்கலயா அப்போ? ஏழு கத்துல எந்தக் கத்துலண்ணே விழுந்துச்சு? அன்னையிலேர்ந்து உள்ளயே ஊறியிருக்கு! வாய் கொப்புளிக்கத் தண்ணி தரேன்... அண்ணே? எங்க ஓடுறீங்க? உங்க தொப்பி!

போய்ட்டார். ஐயையோ, அதோ துறை. அதோ மாமா! கையில ஜாடி. மூடியத் திறக்குறாரே! மாமா! கொட்டாதீங்க! இந்த இன்ஜின் சத்தத்துல கேக்குதா பாரு... மாமாவ்வ்! ஈஸ்ட் நல்ல ஈஸ்டு! நாறுனது நான்! என் வாய்! கொட்டாதீங்க மாமாவ்வ்வ்!

நிமிர்ந்து பாக்குறார்... மூடுறார். அப்பாடா, மூடிட்டார்! ஜாடிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். கண்ணத் துடைக்கிறாரா என்ன? கும்பிடுறேன் சாமி.

...ச்சே. கத்துன கத்துல வாயில இருந்த இதுவும் விழுந்துடுச்சு.