வேம்புலியின் விரலில் எண்பத்து நான்கு

தலைமையேற்றுத் தளராமல் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அண்ணன் சம்பந்தம் அவர்களே! ஆவடியின் இரும்பை உருக்கி உழைத்து உயர்ந்த தொழிற்சாலைத் தோழர்களே! மடியில் மழலையும் மனத்தில் பாரமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் தங்கை பார்வதம் அவர்களே! ரகுநாதனின் வணக்கம்.

லேத் வேலையில் நிகரற்ற என் நண்பன் வேம்புலியின் படத்தைத் திறக்க என்னை அழைத்தீர்கள். அதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சென்ற மார்கழியில் அவனுக்கு ஃப்ளூ காய்ச்சல். ஐந்தாம் நாள் பகலில் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். "வா மாமே! மிஷின் ஷாப்புல இன்னா சேதி?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் எவன்தான் பயப்படுவான்?

அவன் மனைவி, தங்கை பார்வதம், ரத்தத்தில் பிராணவாயுவை அளக்கும் ஆக்சிமீட்டரை அவன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண், எண்பத்து நான்கு! "அண்ணா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிரலாமா?" என்றார். யாரிடம் கேட்டார்? இருபத்தாறு ஆண்டுகள் அளவுக் கருவிகளைச் சோதித்து முத்திரை குத்திய என்னிடம் கேட்டார்! நான் சொன்னேன்: "லேத் புடிச்ச விரல்மா, காய்ச்சுப் போயிருக்கு. மிஷின் தப்பாக் காட்டுது."

"நீங்க சொன்னா சரிதாண்ணா" என்றார் அவர்.

யாரது பின்வரிசையில், விதி என்பது? இல்லை ஐயா, இல்லவே இல்லை! அவன் சிரித்தபோதே நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. இழுத்த மூச்சு உள்ளே போனது, ரத்தத்தில் சேரவில்லை. திணறல் தெரியாமலே பிராணவாயு குறைந்தது. இரண்டு நாளில் உதடு நீலம் பாரித்தது. வென்டிலேட்டரில் பதினொரு நாள் கிடந்தான். "அன்னைக்கே வந்திருந்தா பொழைக்க வாய்ப்பு இருந்துச்சு சார்" என்றார் மருத்துவர்.

தங்கச்சி, உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், அந்தக் கருவியை என் விரலில் மாட்டிப் பார்த்தேன். என் விரலும் காய்த்த விரல்தான். தொண்ணூற்றெட்டு காட்டியது. கருவியில் குற்றமில்லை என்று அப்போதே தெரிந்தது. சொன்ன சொல்லை மாற்ற வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். பாவி நான், மூடிக்கொண்டேன்!

கை தட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆவடியில் மீண்டும் இருமல் காலம். எண் குறைந்தால் சிரிப்பைப் பார்க்காதீர்கள், என்னைப்போன்ற கெட்டிக்காரனைக் கேட்காதீர்கள், கிளம்புங்கள்! உடனே கிளம்புங்கள்!

இந்தத் திரையை விலக்க எனக்கு அருகதை இல்லை. தங்கச்சி, நீயே வந்து விலக்கம்மா. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லிக் கீழே இறங்குகிறேன். வணக்கம்.