இருநூற்றுப் பதினான்காவது மாதிரி

மனிதகுலத்தை வீண்பேச்சிலிருந்து விடுவிப்பதுதான் என் வாழ்நாள் கனவு. அந்தக் கனவு சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது.

அப்போது என் மேசைமேல் புதுக் கைபேசியின் மாதிரி இருந்தது. ஃபோம் கட்டையைச் செதுக்கி, உப்புத்தாள் தேய்த்து, நிஜ எடை வருவதற்காக வயிற்றில் இரும்புத்துண்டு வைத்தது. இருநூற்றுப் பதினான்காவது மாதிரி. எங்கள் தலைமை வடிவமைப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அதைக் கையில் எடுத்தார். எதைக் காட்டினாலும் எதையாவது நீக்கச் சொல்வார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'வெறுமை சார்'. மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தபடியே அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பேசுற ஓட்டை எங்கய்யா?"

"எடுத்துட்டேன் சார்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா எனக்கு இது தோணாமப் போச்சே" என்றார். அழுகிற மனிதரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நாகரிகமல்ல.

ஒலிப்பிரிவுப் பொறியாளர் அக்காவுக்கு மட்டும் கண் கலங்கவில்லை.

"ஏன் தம்பி, ஓட்டை இல்லாம குரல் எந்த வழியாப் போகும்? சுவரேறிக் குதிச்சா?"

"நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்கக்கா."

"முதல்ல உன் மண்டையில ஒரு ஓட்டை போடணும். கொஞ்சம் காத்தாவது போகட்டும்."

அவர் மூன்று முறை எழுத்தில் ஆட்சேபித்தார். மூன்றாவதற்குப் பதிலாக அவரை அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றினார்கள். மாற்றல் கடிதத்தில் 'தொலைநோக்கு போதாது' என்ற வரியை எழுதிக்கொடுத்தவன் நான். நல்ல வரி. அதில் நீக்குவதற்கு ஒரு சொல்லும் இல்லை.

கைபேசி வெளிவந்தது. யார் பேசினாலும் தலையணைக்குள் முகம் புதைத்துப் பேசுவதுபோல் கேட்டது. வாங்கியவர்கள் எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அதே கைபேசியிலிருந்து திட்டியதால் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் உங்கள் விசாரணைக் குழு வந்தது. ஒலியில் கோளாறு என்றால் ஒலிப்பிரிவின் தவறுதானே என்றது நிர்வாகம். அக்காவை வேலையைவிட்டு நீக்க என் சாட்சிக் கையெழுத்து ஒன்றுதான் தேவைப்பட்டது. போட்டேன். நிறைய வெள்ளை இடம் விட்ட, அழகான கடிதம். பதினெட்டு வருட வேலை நாலே வரியில் முடிந்திருந்தது.

இன்று நான் உண்மையைச் சொல்ல வந்திருப்பது முழுக்க மனசாட்சி உறுத்தியதால்தான். வேலையைவிட்டுப் போகுமுன் அக்கா கிடங்கிலிருந்து அனுப்பிவைத்த பெட்டி நேற்று உங்களுக்கு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய மாதிரிகளையெல்லாம் அந்தக் கிடங்கில்தான் போட்டுவைப்போம். அது எனக்கு மறந்துவிட்டது.

அந்த இருநூற்றுப் பதினான்காவது மாதிரியின் அடிப்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்ததை நான் அன்றே ரப்பரால் அழித்துவிட்டேன். ஆனால் ஃபோமில் அழுத்தம் பதிந்துவிடும். அக்கா அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து எழுத்தைக் கொண்டுவந்திருக்கிறார்: 'துளை இங்கே. நாளைக்கு.'

கையெழுத்து என்னுடையதுதான். அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். துளையை நான் நீக்கவில்லை. டிரில் பிட் உடைந்திருந்தது. மாடியிறங்கிப் போய் வேறொன்று எடுத்துவரச் சோம்பலாக இருந்தது.